"செருப்பைக் கழற்றிவிட்டு வா" முதல் "செல்போன் வாங்கிக் கொடு" வரை: நம் பள்ளிகளில் இணைய விதிகள் வந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகள் இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள. இருவரும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். இன்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள், ஒருத்தி பெற்றோராக, ஒருவன் முன்னாள் மாணவனாக. "டீச்சர், பிள்ளைங்க போன், இன்டர்நெட் பாக்கிறதுக்கு விதி எழுதணும்னு கூட்டத்துல பேச்சு. மொத்தமா தடை போடுன்னு பாதிப் பேர் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்கு வந்தபோது பள்ளியில் இருந்த ஒரே இயந்திரம் சுவர்க் கடிகாரம். அதற்கும் வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். 2022இல் ஓய்வு பெறும்போது வருகைப் பதிவே செல்போனில்தான். இந்த இடைவெளியில் விதிகள் எத்தனை முறை மாறின என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: அந்தந்தக் காலத்து விதி யாரைக் காப்பாற்றியது?

1. இயந்திரத்தைக் காத்த விதி

1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்றொரு திட்டம் தொடங்கியது. இங்கிலாந்தில் செய்த 'பி.பி.சி. மைக்ரோ' கணினிகளைச் சுமார் 250 பள்ளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியப் பள்ளிக்கூடத்துக்குள் கணினி முறையாக நுழைந்தது அப்போதுதான். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் வழியாக, அதுவும் சென்னை போன்ற பெருநகரங்களில். நம் பக்கத்துக்காரர்களுக்கு இணையம் என்றால் வேலூரில் இருந்த பிரவுசிங் சென்டர்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க அமிர்தியிலிருந்து பஸ் பிடித்து 25 கிலோமீட்டர் போவார்கள்.

2000க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வழியாக நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணினி வந்தது. உங்களில் பலருக்கு அந்த அறை ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். கை ஈரமாக இருக்கக் கூடாது. கணினிக்குத் துணிப் போர்வை. சாவி தலைமை ஆசிரியர் மேசையில். வாரத்தில் ஒரு பிரியடு, ஒரு பெட்டிக்கு நாலைந்து பேர். முன்னால் உட்கார்ந்த பையன் மவுஸைப் பிடிப்பான், பின்னால் நிற்கும் பெண் பிள்ளை எட்டிப் பார்க்கும்.

விலை உயர்ந்த பொருள், தூசி பட்டால் கெட்டுவிடும் என்ற பயம். அதனால் அன்றைய விதி எல்லாம் இயந்திரத்தைக் காப்பாற்ற எழுதியவை. பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்குத் தேவையும் அன்றைக்கு இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிகளில் இணையமே கிடையாது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பள்ளிக்கும் நூலகத்துக்கும் இணையக் கட்டணத்தில் அரசு சலுகை உண்டு. 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள்: சலுகை வேண்டுமானால், பிள்ளைகள் ஆபாசப் படங்களைப் பார்க்காதபடி கணினியில் வடிகட்டி வைத்தாக வேண்டும். கூடவே, இணையத்தில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று பள்ளி ஒரு கொள்கையும் வகுக்க வேண்டும். பிள்ளையை மனதில் வைத்து எழுதிய இணைய விதிகளில் அது முன்னோடி. அவர்கள் மாவைச் சலித்துக்கொண்டிருந்தபோது நம்மிடம் மாவே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

2. வகுப்பைக் காத்த விதி

அடுத்து வந்தது செல்போன். 2009 ஜூலையில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, மாணவர்கள் செல்போன் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. பையில் போன் இருந்தால் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது, அப்பாவை அழைத்து வந்தால் கொடுப்பது என்பது வழக்கமாகவே இருந்தது.

இந்த விதி வகுப்பைக் காப்பாற்றியது. பாடம் நடக்கும்போது மணி அடிக்கக் கூடாது, தேர்வில் பார்த்து எழுதக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் பள்ளி வாசலோடு அதன் எல்லை முடிந்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் பிள்ளை என்ன பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போயின. உலகத்தில் வேறெங்கும் அதிகம் நடக்காத காரியம். மண் சுவர் வீட்டுக்குள், சாமை மூட்டைக்குப் பக்கத்தில் மடிக்கணினி. அதை விற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். பின்னால் முத்திரையும் இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. பல வீடுகளில் பென் டிரைவில் ஏற்றிய சினிமாப் பாட்டு ஓடியது. அதே மடிக்கணினியில் தட்டச்சு பழகி, இன்று பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கும் பிள்ளைகளும் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2018இல் இன்னொரு வேடிக்கை. புதிய பாடப்புத்தகம் வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் கியூ.ஆர். கோடு. "ஸ்கேன் செய்து காணொளியைப் பார்" என்கிறது அரசு அச்சடித்த புத்தகம். "செல்போனைத் தொடாதே" என்கிறது பள்ளி விதி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடமே கேட்டான்: "டீச்சர், புக் சொல்றத கேக்கணுமா, ஸ்கூல் சொல்றத கேக்கணுமா?" என் போனை வகுப்பில் நடுவே வைத்து எல்லோருக்கும் காட்டினேன். அவன் கேள்விக்கு அதுதான் அன்றைக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில்.

3. ஒரே நாளில் தலைகீழான விதி

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. இரண்டு வாரம் என்று நினைத்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் திரும்ப வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதத்துக்கும் மேல்.

அதுவரை பையைச் சோதித்துப் போனைப் பிடுங்கிய அதே பள்ளிகள், பெற்றோரிடம் "ஒரு டச் போன் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டன. ஆட்டை விற்று, நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய வீடுகளை நான் அறிவேன். நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று எப்படிக் கடமையானது என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து. காரணம் சொல்லாமல் போட்ட தடை, காரணம் சொல்லாமலே நீங்கியது. இனி "கூடாது" என்று நாம் சொன்னால், "அன்றைக்கு மட்டும் கூடுமா?" என்று பிள்ளை மனதுக்குள் கேட்கும். கேட்பதில் தப்பில்லை.

2020 ஜூலை 14 அன்று மத்திய கல்வித்துறை 'பிரக்யாதா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளைக்கு இரண்டு இணைய வகுப்புக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாலு வகுப்பு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்த நகரத்துப் பிள்ளைகளின் கண்ணையும் கழுத்தையும் காப்பாற்ற வந்த விதி. நல்ல விதி. நம் மலைக்கு அது பொருந்தவே இல்லை. இங்கே பிள்ளைக்கு 45 நிமிடமே கிடைக்கவில்லை. டவர் இல்லை. டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போனால் சார்ஜ் இல்லை. சார்ஜ் இருந்தால் ரீசார்ஜ் இல்லை. எல்லாம் இருந்தாலும் போன் அப்பா சட்டைப் பையில். அவர் வெளியூருக்கு வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால், டிவி இருந்த வீடுகளில் அது கைகொடுத்தது. மற்றவர்களுக்கு நாங்கள் ஒர்க் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். கோயில் திண்ணையிலும் புளிய மரத்தடியிலும் ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, அந்தத் தன்னார்வலர்களில் என் பழைய மாணவிகளைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

4. முதல் முறையாகப் பெரியவர்களுக்கும் விதி

2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் மீது இணைய வகுப்பு தொடர்பாக மாணவிகள் பாலியல் புகார் சொன்னார்கள். அதையொட்டித் தமிழக அரசு உத்தரவு போட்டது: இணைய வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும், அவற்றைப் பள்ளியும் பெற்றோர் தரப்பும் பார்வையிட வேண்டும், ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக்குரிய உடையில் இருக்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் இதை ஒரு திருப்பமாகப் பார்க்கிறேன். அதுவரை இணையம் பற்றிய விதி என்றால் மாணவனை நோக்கி நீட்டிய விரல். இது ஆசிரியரையும் நோக்கி நீட்டியது. ஆபத்து பிள்ளையின் ஆசையிலிருந்து மட்டும் வருவதில்லை, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவரிடமிருந்தும் வரலாம் என்று ஒத்துக்கொண்ட விதி அது. சில ஆசிரியர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. கையில் பிரம்பு எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோதும் இப்படித்தான் சிலர் வருத்தப்பட்டார்கள்.

5. பெண் பிள்ளைகள் மேல் விழும் பாரம்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதி. மாணவிகள் இரவு 10 முதல் காலை 6 வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. பிறகு அதை மாலை 6 முதல் இரவு 10 வரை என்று மாற்றினார்கள். அதாவது படிக்கிற நேரத்தில் போன் இருக்காது. பி.ஏ. ஆங்கிலம் படித்த ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி அதை ஏற்கவில்லை. விடுதியை விட்டு அனுப்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார்: இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது. விடுதியில் ஒழுங்கு வேண்டும்தான், அதற்காகப் படிக்கும் வழியையே அடைக்கக் கூடாது. மாணவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

நம் மலையில் இந்தக் கதை இன்னும் கடுமையாக நடக்கும். பையனிடம் போன் பிடிபட்டால் இரண்டு அடி, இரண்டு நாள் திட்டு, அவ்வளவுதான். பெண் பிள்ளையிடம் பிடிபட்டால் "யார்கிட்ட பேசினே?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த வாரம் பள்ளிக்கு வராது. அதற்கடுத்து மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. படிப்பு நின்றுபோன சில பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து நான் பேசி முடித்ததும் ஒரு தாய் சொன்னது இது: "போனைக் குடுத்ததே நீங்கதானே டீச்சர்." அவர் சொன்னது கோபத்தில் அல்ல, பயத்தில்.

இன்று போன் இல்லாவிட்டால் எந்தப் படிப்பும் ஓடாது என்பதையும் பாருங்கள். சாதிச் சான்றிதழ் இ-சேவையில். உதவித்தொகைக்கு ஓ.டி.பி. கல்லூரி விண்ணப்பம் இணையத்தில். 2022இல் வந்த 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் பதிவு இணையத்தில்தான். நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் தடை போட்டால் வீட்டில் அக்கா போன் இருக்கும், அப்பா லேப்டாப் இருக்கும். நம் மலைப் பிள்ளைக்குப் பள்ளியின் ஹைடெக் லேபை விட்டால் வேறு கதவு கிடையாது. அதையும் மூடினால் அது விதி இல்லை, வழியடைப்பு.

6. உலகம் இன்று எங்கே நிற்கிறது

ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கட்டி விளையாடும் விளையாட்டில் குடும்பமே கடனில் மூழ்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைச் சட்டம் போட்டுத் தடுத்தது. படத்தை எடுத்து மிரட்டுவது, முகம் தெரியாதவர் நட்பு பேசுவது எல்லாம் மலை ஏறி வந்துவிட்டன.

பிரான்ஸ் 2018இலேயே தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் செல்போனைத் தடை செய்தது. அங்கும் பாடத்துக்குத் தேவை என்றால் விலக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு விலக்கு. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்றது. பொறுப்பைப் பிள்ளை மேலோ பெற்றோர் மேலோ போடவில்லை, நிறுவனங்கள் மேல் போட்டது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளில் செல்போன் பற்றிச் சொன்னது நமக்கு மிகவும் பயன்படும். மொத்தத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்ததும் இல்லை. முடிந்த இடத்தில் பள்ளி வாசலில் வாங்கி வைத்து மாலையில் கொடுக்கலாம். வகுப்பில் பயன்படுத்தக் கூடாது. படம் பிடிப்பது, பதிவு செய்வது கூடாது. விதியைப் பெற்றோர், ஆசிரியர், வல்லுநர் ஆகியோரோடு கலந்து பேசி எழுத வேண்டும்.

7. குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் பதில்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். விதி எழுதும் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

ஒன்று. வகுப்பு நேரத்தில் போன் வேண்டாம். கொண்டுவந்தால் காலையில் பெயர் எழுதி ஒப்படைத்துவிட்டு மாலை மணி அடித்ததும் வாங்கிக்கொள்ளட்டும். மாதக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மலைப் பாதையில் நடந்து போகும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.

இரண்டு. தடுத்த இடத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஒரு மணி நேரம் ஆசிரியர் துணையோடு லேப் திறந்திருக்கட்டும், வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு முன்னுரிமையோடு.

மூன்று. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி, ஒரே தண்டனை. இதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

நாலு. கேட்காமல் யார் படத்தையும் எடுக்கக் கூடாது, போடக் கூடாது. இது ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் பழக்கத்தை நாமும் விட வேண்டும்.

ஐந்து. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இணையத்தில் ஏதோ தப்பாக நடந்துவிட்டது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், அந்தப் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. போனையும் பிடுங்கக் கூடாது, படிப்பையும் நிறுத்தக் கூடாது. இந்த உறுதி இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. மிரட்டுபவனுக்கு அந்த மௌனம்தான் பலம்.

ஆறு. ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள். கூட்டத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும் கூப்பிடுங்கள், அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். வருடம் ஒருமுறை திருத்துங்கள். செருப்பைக் கழற்றச் சொன்ன விதி இன்று தேவையில்லை. இன்று நீங்கள் எழுதுவதும் பத்து வருடத்தில் பழசாகும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் படித்து, "இது யாரைக் காப்பாற்றுகிறது?" என்று கேளுங்கள். பள்ளியின் பெயரை மட்டும், பெரியவர்களின் நிம்மதியை மட்டும் காப்பாற்றுகிறது என்றால் அடித்துவிடுங்கள்.

எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098. இணையக் குற்றப் புகாருக்கு 1930. பள்ளிக் கல்வி வழிகாட்டுதலுக்கு 14417. பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில், பிள்ளைகள் கண் மட்டத்தில் எழுதி வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் என்ன விதி இருக்கிறது, அது நடக்கிறதா என்று கீழே எழுதுங்கள். ஆசிரியர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பழைய வழக்கப்படி திருத்தி விடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அமிர்தி.